இடக்கரடக்கலும் வாய்ப்பூட்டும்

நன்னூலார் வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இருவகைப்படுத்தித் தகுதி வழக்கினை மீண்டும் மூன்றாக்கினார். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் அம்மூன்றினையும் நம் கல்லூரியிற் பயின்ற எவரும் முற்றாக மறந்திரார். மலங்கழுவி வந்தான் என்னாது கால்கழுவி வந்தான் என்பது இடக்கரடக்கல். செத்தார் என்னாது துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. பரீட்சைக்கு இவ்வளவு போதும். வாழ்க்கைக்குப் போதுமா என்பதே இக்கட்டுரையில் யாம் எழுப்பக் கருதிய வினா.

பழைய மாணவர் சங்கத்தார் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனப் பணித்தபோது, கல்லூரி அன்னையின் பெருமையையோ சங்கத் தமிழின் சிறப்பையோ யாம் எழுதுவோமென எதிர்பார்த்திருப்பர். அவற்றை எம்மினும் திறம்பட எழுத வல்லார் இம்மலரிற் பலருளர். உளநலத்தையும் பாலியல் நலத்தையும் பற்றி நம்மவர் வாய்திறவாதிருத்தல் தகுமோ என்பதே யாம் எடுத்துக்கொண்ட பொருள். தமிழாசிரியனுக்கு இஃது எதற்கு என்று வினவுவாரும் இருப்பர். இது முதலிற் சொல்லைப் பற்றிய வழக்கு; மருத்துவம் அதன் பின்னரே வருகின்றது.

இடக்கரடக்கலின் இலக்கணம் யாது? நன்மக்கள் முன்னிலையிற் கூறத்தகாத சொல்லை மறைத்து அதனைப் பிறிதொரு சொல்லாற் கூறுதல். மறைக்கப்படுவது சொல்லேயன்றிப் பொருளன்று. கால்கழுவி வந்தான் எனக் கேட்டவன், வந்தவன் எங்குச் சென்று வந்தான் என்பதை ஐயமின்றி அறிவான். அறியானாயின் அது இடக்கரடக்கலன்று, பிதற்றல். ஆகவே இவ்விலக்கணம், நாணத்துக்குரிய பொருளையும் நாணங் கெடாது பேசுதற்கு நம் முன்னோர் வகுத்த வழியாகும். இன்று நாம் செய்வதோ வேறு. சொல்லோடு பொருளையுஞ் சேர்த்துப் புதைத்துவிட்டு, அதற்குப் பண்பாடு என்று பெயரிட்டிருக்கின்றோம்.

மங்கலத்தின் நிலை இன்னுங் கொடிது. நாளேடுகளின் மரண அறிவித்தல்களை நாடோறும் வாசிப்போர், 'அகால மரணமடைந்தார்' என்னுந் தொடருக்கு முன் ஒரு கணம் தயங்குவர். வயது பத்தொன்பது என்றிருக்கும். விபத்து என்றிராது, நோய் என்றிராது. செத்தவீட்டிற் கூடியிருப்போர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். நெஞ்சுவலி என்று யாரோ சொல்வர். அவ்வளவிற் பேச்சு முடிந்துவிடும். துயருற்ற குடும்பத்தை ஊரார் சுடுசொல்லினின்று காக்கும் மங்கலம் வேண்டுவதே. அதனை யாம் குறைகூறோம். ஆனால் இறந்தவனுடைய தம்பி அன்று அறிந்துகொண்டது யாது? அண்ணனின் சாவு பேசப்படாத ஒன்று. ஆகவே தன் நெஞ்சில் உள்ள இருளும் பேசப்படாத ஒன்று. இதனையே அவன் கற்றுக்கொண்டான்.

இப்பொருளிற் சில உண்மைகளை இங்கு எடுத்துரைத்தல் தகும். 1995 ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஆண்டொன்றுக்கு நூறாயிரம் பேரில் ஏறக்குறைய 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகின் மிகவுயர்ந்த வீதங்களுள் அஃதொன்று. பின்னர் கொடிய பூச்சிகொல்லிகள் 1995, 1998 ஆம் ஆண்டுகளிலும் 2008 முதல் 2011 வரையிலும் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட, அவ்வீதம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. நம் குடும்பங்கள் திடீரென மகிழ்ச்சியுற்றமையால் அது குறைந்ததன்று. வறுமையும் போரும் சண்டை சச்சரவும் அவ்வாறே இருந்தன. கைக்கெட்டிய கொடுநஞ்சு மாத்திரமே அகன்றது. இதனாற் புலப்படுவது யாதெனின், அம்மாண்டவருட் பலர் சாவதென உறுதிபூண்டு மாண்டவரல்லர். ஒரு மாலைப்பொழுதின் தாங்கொணாத் துயரினை அவர்கள் கடந்திருப்பின் மறுநாட் காலையில் எழுந்து தேநீர் அருந்தியிருப்பர். அம்மாலைப் பொழுதில் அவரோடு பேச ஓர் ஆள் இருந்ததா என்பது எத்துணைப் பெரிய வினா! பேசினால் இல்லாத எண்ணத்தையும் ஊட்டிவிடுவோமோ என அஞ்சுவாருளர். அவ்வச்சம் ஆதாரமற்றதென உலக சுகாதார நிறுவனம் தெளிவாக உரைத்துள்ளது. சாக எண்ணினாயோ என ஒருவனைப் பரிவோடு கேட்டல் அவனைச் சாவுக்குத் தூண்டுவதன்று; அவன் நெஞ்சின் சுமையை இறக்க இடங்கொடுப்பது.

சட்டமும் நெடுங்காலம் வாய்ப்பூட்டுக்குத் துணைநின்றது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவன் 1998 ஆம் ஆண்டு வரை இந்நாட்டிற் குற்றவாளி. மருத்துவமனைக் கட்டிலருகே பொலிசார் நிற்பர். ஆதலால் வீட்டார் உண்மை கூறார். அச்சட்டப் பிரிவு நீக்கப்பட்டுக் கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் ஊரார் வாயில் அது இன்னும் நீக்கப்படவில்லை.

எம்மிடம் உயர்தர வகுப்பில் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் இருந்தான். நல்ல கையெழுத்து, அளபெடையில் ஒருபோதும் பிழைவிடான். இரண்டாந் தவணையில் உறக்கமின்றிக் கண்கள் சிவந்து வரத் தொடங்கினான். பின்னர் யாரோ தன்னைப் பற்றிப் பேசுங் குரல் கேட்கின்றதென்றான். தாய் தந்தையர் அன்புடையோர், செலவுக்கு அஞ்சாதோர். கண்ணூறு கழித்தனர், சாத்திரியாரிடம் குறிப்புக் காட்டினர், செய்வினை என ஒருவன் சொல்லக் கழிப்புக் கழிக்கக் காணி ஒன்றை ஈடுவைத்தனர். ஏறக்குறைய இரண்டாண்டு கழிந்த பின்னரே மருத்துவமனையின் படியேறினர். ஆறு மாதத்தில் அவன் தேறினான். இன்று கடையொன்றிற் கணக்கெழுதுகின்றான். மாதந்தோறும் கிளினிக்குக்குச் சென்று மருந்தெடுக்கின்றான். அவன் பிழைத்தமை எமக்கு மகிழ்ச்சி. ஆயினும் பல்கலைக்கழகம் புகுந்திருக்க வேண்டியவன் என்பதை நினைக்குந்தோறும் அவ்விரண்டாண்டு எம் நெஞ்சிற் தைக்கின்றது. இத்தகைய நோய்க்கு மருத்துவம் எவ்வளவு முற்படத் தொடங்கப்படுகின்றதோ அவ்வளவு நன்று என்பதை இன்று எந்த மருத்துவரும் கூறுவர்.

கோயிலுக்குப் போகவேண்டா என்று யாம் கூறவில்லை. சைவக் கல்லூரியின் ஆசிரியர் அங்ஙனங் கூறவும் மாட்டோம். திருநீறு நெற்றியிலும் மருந்து வயிற்றிலும் இருக்க இடமுண்டு. ஒன்றை மாத்திரம் கேட்கின்றோம். தென்னையிலிருந்து விழுந்து கால் முறிந்தவனை 'அவன் கன்மம்' என்று சொல்லி வீட்டில் வைத்திருப்பாருளரோ? உடனே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கன்றோ கொண்டோடுகின்றோம்? முறிந்தது மனமாயின் மாத்திரம் கன்மம் ஏன் நினைவுக்கு வருகின்றது? வள்ளுவர் மருந்து என ஓர் அதிகாரம் வகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என நான்கு கூறு வேண்டுமென்றார். நம்மவர் நான்காமவரைக் குறைவின்றித் தருகின்றனர். ஏனைய இரண்டுக்குஞ் செல்லும் வழியையே அடைத்துவிடுகின்றனர்.

அடைப்பது ஒரு சொல். விசர் என்பது அச்சொல். 'உனக்கென்ன விசரோ' என்று ஒருநாளில் எத்தனைமுறை கேட்கின்றோம்! அங்கொடை என்னும் ஊர்ப்பெயரே வசையாகிவிட்டது. அங்குள்ள மருத்துவமனை 2008 ஆம் ஆண்டிலே தேசிய மனநல நிறுவகம் எனப் புதுப்பெயர் பெற்றதும் பலரறியார். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. அங்கே ஒருவரைக் கண்டோமாயின் மறுபக்கம் முகந்திருப்புகின்றோம், அவரும் திருப்புகின்றார். நீரிழிவுக் கிளினிக்கில் அவரையே கண்டிருப்பின் அரைமணி நேரம் கதைத்திருப்போம். ஈழத்துத் தமிழறிஞரும் மருத்துவருங் கூடி உளவளத்துணை என ஓர் அழகிய சொல்லை ஆக்கித் தந்துள்ளனர். உளத்தின் வளத்துக்குத் துணை. வசையின் நிழல் சிறிதும் படாத சொல். அதனைப் பெயர்ப்பலகையிலிருந்து இறக்கி வாயிற் கொணர்தல் வேண்டும்.

சொல் இன்மையால் நம்மவர் வேறொரு வழி கண்டனர். யாழ்ப்பாணத்தில் போர்க்காலமெல்லாம் உளமருத்துவம் செய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலிலும் அதன் முன்னும் பின்னும் எழுதியவற்றிலும், நம் மக்கள் உளத்துயரை உடல்நோவாக எடுத்துரைக்கும் பாங்கினைப் பதிந்துள்ளார். தலையிடி, நெஞ்சுநோ, உடம்புளைவு, சோர்வு என்று வருவர். மகன் காணாமற்போனான் என்பது நான்காம் முறையில் வெளிவரும். தமிழிலக்கணப்படி நோக்கின் இதுவும் இடக்கரடக்கலே. கேட்போனுக்கு அவ்விலக்கணம் தெரிந்திருப்பின் நன்று. தெரியாவிடின் தலையிடிக் குளிசையோடு வீடு திரும்புவர். 2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்தது, அத்தலையிடிகள் முடியவில்லை.

இனிப் பாலியலுக்கு வருவோம். ஈண்டு இம்மலரைக் கையிலேந்திய பெரியோர் சிலர் அடுத்த பக்கத்தைப் புரட்ட எண்ணலாம். சற்றுப் பொறுத்தருள்க.

நம் வீடுகளில் மகள் பெரியபிள்ளையானால் மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அடித்து, படம்பிடித்து, ஊர் கூட்டிச் சாமத்தியச் சடங்கு செய்கின்றோம். உலகுக்கெல்லாம் அறிவிக்கப்பட்ட அச்செய்தியின் பொருளை அச்சிறுமிக்கு அறிவித்தவர் யார்? அங்கே இருக்காதே, இதைத் தொடாதே, துடக்கு என்பனவே அவள் பெற்ற பாடம். அவள் தம்பியோ ஒன்றும் அறியாது பலகாரந் தின்றான். இஃது இடக்கரடக்கலுமன்று, வெளிப்படைப் பேச்சுமன்று. இரண்டும் கெட்ட ஒன்று.

ஆண்பிள்ளைகள் நிலைக்கு வருவோம். நமது கல்லூரி அவர்களுக்குரியதாகலின். இவர்கள் வீட்டிற் கேளாததைக் குழூஉக்குறியிற் கேட்கின்றனர். மைதானத்து மதிலோரத்தில் வழங்கும் அக்குறிகளை எந்நிகண்டுங் கூறாது. இப்பொழுது கைத்தொலைபேசி வேறு வந்துவிட்டது; அதிற் காண்பதை உண்மை வாழ்க்கை என நம்பும் பிள்ளைகள் பலர். அவர்களுக்கு மறுப்புரைக்க வேண்டிய நாம் வாய்பொத்தி நிற்கின்றோம்.

இவ்வறியாமையிற் பிழைப்பு நடத்துவாரும் உளர். 'நரம்புத் தளர்ச்சியா? இளமையில் செய்த தவறா?' என்னும் விளம்பரத்தை பஸ் நிலையச் சுவரிலும் சஞ்சிகையின் பின்னட்டையிலும் காணாதார் இலர். உணவு ஏழு தாதுக்களாய் முறையே மாறி இறுதியிற் சுக்கிலமாகின்றது என்பது பண்டை மருத்துவக் கொள்கை. அதன்மேல் ஓர் அச்சத்தைக் கட்டியெழுப்பி, உறக்கத்திற் சுக்கிலம் வெளிப்படின் உயிர்ச்சத்தே ஒழுகிற்றென இளைஞரை நம்பவைத்தனர். தென்னாசிய இளைஞர் பலர் சோர்வும் படபடப்பும் உற்று இதே முறைப்பாட்டோடு வருவதைக் கண்ட இந்திய உளமருத்துவர் நரேந்திரநாத் விக் என்பார், 1960 ஆம் ஆண்டில் இதற்குத் தாதுவின் பெயராலேயே ஒரு நோய்க்குறிப் பெயர் சூட்டினார். உண்மையில், வளரும் பருவத்து ஆண்மகனுக்கு உறக்கத்தில் அங்ஙனம் நிகழ்தல் இயற்கை. அதனால் உடலுக்கு யாதொரு கேடுமில்லை. இவ்வொரு வாக்கியத்தைப் பதினான்கு வயதிற் கேட்டிருப்பின், எத்தனையோ இளைஞர் தம் பரீட்சைக்காலத்து இரவுகளை அச்சத்திற் கழித்திரார்; போலி வைத்தியருக்குத் தாயின் காப்பை அடகுவைத்துப் பணங்கட்டியிரார். அவ்வொரு வாக்கியத்தைச் சொல்ல நாம் ஏன் வெட்கப்படுகின்றோம் என்பதே எமக்கு விளங்கவில்லை.

இதனினும் பாரதூரமானது மற்றொன்று. தன் உடலுறுப்பிற்குப் பெயரறியாத பிள்ளை, அவ்வுறுப்பிற்கு இழைக்கப்பட்ட தீங்கினை எச்சொல்லால் முறையிடும்? 'மாமா கூடாத வேலை செய்தார்' என்று தயங்கித் தயங்கிச் சொன்ன பிள்ளையை, 'அப்படியெல்லாம் கதைக்கக்கூடாது' என வாயிலே அடித்த தாய்மார் உண்டு. 1995 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத் திருத்தம் இக்குற்றங்களுக்குக் கடுந்தண்டனை விதித்தது. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை அமைந்தது. 1929 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு. சட்டம் இருக்கின்றது, சபை இருக்கின்றது, இலக்கம் இருக்கின்றது. முறையிடச் சொல் இல்லை. தமிழாசிரியர் வேறு எதற்கு இருக்கின்றோம்?

கலியாணச் சந்தையைப் பற்றி மிகுத்துரைக்க விரும்பேம், யாவரும் அறிந்ததே. பத்துப் பொருத்தமும் பார்ப்பார், சீதனக் காணியின் உறுதியைத் துருவித் துருவிப் பார்ப்பார், மணமகன் உண்ணும் மருந்தைப் பற்றி ஒரு சொல் கேளார். கேட்பினும் உண்மை உரையார். 'முடித்துவைத்தால் எல்லாஞ் சரிவரும்' என்பது நம்மூர்ப் பழமொழிபோலாயிற்று. ஒருவனுடைய நோயை மறைத்து ஒரு பெண்ணின் வாழ்வில் இறக்குதல் மருத்துவமன்று. மகப்பேறு தாழ்ப்பின் பழி அவள்மேல். மலடி என்னும் சொல் ஒழுங்கைதோறும் வழங்குகின்றது. மலடன் என்பது அகராதியில் உறங்குகின்றது. மகப்பேறின்மைக்கு ஆண்பாற் காரணமும் பெரிதும் உண்டென மருத்துவம் ஐயமின்றி நிறுவிய பின்னரும் சோதனைக்கு முதலிற் செல்பவள் மனைவியே. மொழி ஒருபாற் கோடினால் நீதியும் ஒருபாற் கோடும்.

'இவையெல்லாம் மேனாட்டுச் சரக்கு. நம் மரபுக்கு ஒவ்வா' என்பாருக்கு யாம் விடையிறுத்தல் எளிது. திருக்குறளின் மூன்றாம் பால் இருபத்தைந்து அதிகாரம். பாடசாலைப் பாடநூல்களில் பெரும்பாலும் முதலிரண்டு பால்களே இடம்பெறுகின்றன. மூன்றாவதைக் கையேந்திய மாணவனை ஐயத்தோடு நோக்குகின்றோம். அதனுள் உள்ளது யாது? கண் துஞ்சாமை, மேனி பசத்தல், தோள் மெலிதல், மாலையில் துயர் மிகுதல், கனவு, நினைவின் தொல்லை. இன்றைய மருத்துவர் உளச்சோர்வுற்றாரிடம் கேட்கும் வினாக்கள் ஏறக்குறைய இவையே. வள்ளுவர் அத்துயரை நோய் என்றே பல இடத்துங் குறித்தார். நெஞ்சொடு கிளத்தல் என்றோர் அதிகாரமும் உண்டு: பேசுதற்கு வேறொருவரும் இன்மையால் தன் நெஞ்சையே துணையாக்கிப் பேசுகின்றாள் தலைவி. நம் விடுதி மாணவருட் பலரும் இன்று அவ்வதிகாரத்திலேயே வாழ்கின்றனர் என்றால் மிகையன்று. சங்கத்துத் தலைவிக்கோ தோழி ஒருத்தியாவது இருந்தாள்.

பிற்காலத்தைப் பார்ப்பினும் அவ்வாறே. நாவலர் பெருமான் சிறுவர்க்கென எழுதிய நான்காம் பாலபாடத்தில் வியபிசாரம் என்பதும் ஒரு பாடம். அவர் கூறிய முறையோடு இன்று நாம் முற்றும் உடன்பட வேண்டுமென்பதில்லை. ஆயின் பிள்ளைகளுக்கு இப்பொருள் கூறத்தகாதது என அவர் கருதவில்லை என்பது வெள்ளிடைமலை. 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணிபுரிந்த மருத்துவர் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவவைத்தியம் முதலியவற்றைத் தமிழ் நூல்களாக்கினார். உடலின் எவ்வுறுப்புக்கும் தமிழ்ச்சொல் காண அவரும் அவர் மாணவரும் தயங்கிலர். மானிப்பாயில் அன்று கூறத்தகுந்தது இன்று நம் வகுப்பறையிற் கூறத்தகாததாயிற்றெனின், போனது தமிழின் ஆற்றலன்று, நமது துணிவு.

பேசினாற் பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்பது எஞ்சிநிற்கும் தடை. அதனை எள்ளி நகையாடுதல் தகாது. பெற்றோரின் அச்சம் அன்பின் பாற்பட்டது. ஆயின் பல நாட்டு ஆய்வுகளையும் தொகுத்து நோக்கிய யுனெஸ்கோ நிறுவனம் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நூல், முறையான பாலியற் கல்வி இளையோரைப் பாலுறவுக்குத் தூண்டுவதில்லை என்றே கண்டுள்ளது. நம் நாட்டிலும் இத்துறையிற் பேசிச் செயற்பட்டதன் பயன் கண்கூடு. தாயிடமிருந்து சேய்க்கு எச். ஐ. வி., கிரந்தி நோய்கள் தொற்றுதலை ஒழித்த நாடென 2019 ஆம் ஆண்டில் இலங்கை உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. கர்ப்பிணித் தாய்மாரிடம் இரத்தப் பரிசோதனை பற்றி வாய்திறந்து பேசிய குடும்பநல உத்தியோகத்தர் இன்றேல் அது கைகூடியிராது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் ஆறாந் தரப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே ஏற்றப்படுகின்றது.

நம் கல்லூரிக்கு வருவோம். சுகாதாரமும் உடற்கல்வியும் என்னும் பாடநூலில் இனப்பெருக்கச் சுகாதாரம் பற்றிய அலகு உண்டு. பல பாடசாலைகளில் அவ்வலகு வரும் வாரத்தில் 'வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்' என்ற கட்டளையே பிறக்கின்றது. அல்லது அவ்வாரம் விளையாட்டுப் போட்டி வந்துவிடுகின்றது. அதனை நம் கல்லூரியில் ஓர் எழுத்துங் குறையாது கற்பிக்க வேண்டும். வேண்டின் குடும்பநல மருத்துவராயுள்ள பழைய மாணவர் ஒருவர் வந்து துணைபுரியலாம். வழிகாட்டலுக்கென ஓர் ஆசிரியர் நியமனம் பெற்றாலும் வாரத்துக்கு முப்பது பாடமும் அவர் தலையில் ஏற்றினால் அவர் எவரிடம் எப்பொழுது பேசுவார்? வருவோன் கூறுவதை அதிபர் அறையிலோ ஆசிரியர் ஓய்வறையிலோ ஒலிபரப்பாத வாயும் அவருக்கு வேண்டும். மறைகாக்கத் தெரியாதவரிடம் மாணவன் ஒருமுறையே வருவான்.

விழாவை முன்னிட்டுப் புது நுழைவாயில் வளைவு ஒன்று எழுப்பச் சங்கத்தார் கருதியிருப்பதாக அறிகின்றோம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள கிளைகள் பணமும் திரட்டியுள்ளன. வளைவு அழகானது, யாம் அதனை எதிர்க்கவில்லை. அதன் உயரத்தில் நான்கடி குறைப்பின் மிச்சமாகும் பணத்தில் வேறொன்று ஆகும். நூல்நிலையத்துக்குப் பின்னால், பழைய வாங்குகள் குவிந்துகிடக்கும் சிற்றறை ஒன்று உளது. அதற்கு வாயில் மைதானத்தை நோக்கி இல்லை; வருவோர் போவோர் கண்ணிற் படாது. கூரையில் ஆறு ஓடுகள் மாற்றவேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இரண்டு கதிரையும் ஒரு மின்விசிறியும் போதும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் எழுதிவைக்கும் வேலையை எம் தமிழ் மன்ற மாணவர் ஏற்றுள்ளனர். தச்சுவேலைக்கும் மேசன் வேலைக்குமுரிய மதிப்பீட்டைச் சென்ற கிழமை சங்கச் செயலாளரிடம் கையளித்துள்ளோம்.